வேகத்தைக் குறைத்த குற்றம்

ஜூன் மாதம் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை காலை, பள்ளி வண்டிகள் புறப்படும் நேரத்தில், மூன்றாம் எண் பேருந்தின் சாவியை அதன் ஓட்டுநரின் கையிலிருந்து போக்குவரத்து மேலாளர் வாங்கிக்கொண்டார். அதற்கு அவர் சொன்ன காரணம் ஒரே வாக்கியம்: "உங்க மேல புகார் வந்திருக்கும்மா." புகார் கொடுத்தவர் யார், அதில் என்ன எழுதியிருக்கிறது, எந்த விதியின்படி சாவி வாங்கப்படுகிறது, எதுவரைக்கும் என்று எதற்கும் எழுத்தில் ஒரு வரிகூடத் தரப்படவில்லை. அவள் அங்கே நின்றுகொண்டிருக்கும்போதே அந்தச் சாவி மேலாளருடைய மனைவியின் தம்பி கைக்குப் போயிற்று. மலைச்சாலைத் தடத்தில் பதினோரு ஆண்டுகள், ஒரு குழந்தையின் தண்ணீர்ப் புட்டிகூடக் கவிழாமல் ஓட்டிவந்த ஒருத்தியைக் கேள்வி முறை இல்லாமல் கீழே இறக்கினார்கள். குற்றச்சாட்டு இதுவே. இது பள்ளியின்மீது அவள் சுமத்தும் குற்றச்சாட்டு. பள்ளி அவள்மீது சுமத்தியதைப் பிறகு பார்ப்போம், வரிசை முக்கியம்.

பேருந்துக் கொட்டகையில் அவளுக்கு ரசீதம்மா என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. டீசல் நிரப்பினால் ரசீது, டயர் மாற்றினால் ரசீது, விடுப்பென்றால் அனுமதித்தவர் கையெழுத்து என்று எதையும் காகிதமாகக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துவாள் என்பதால் மற்ற ஓட்டுநர்கள் சூட்டிய பெயர் அது. "ரசீதம்மா தும்மினாக்கூட ரெண்டு பிரதி எடுத்து வச்சுக்குவாங்க" என்பது கொட்டகையின் நிரந்தரக் கேலி. அவளும் சேர்ந்து சிரிப்பாள். சூடு கண்ட பூனையின் சிரிப்பு அது. பள்ளிக்கு வருவதற்கு முன் ஒரு தையல் ஆலையின் வேனை அவள் ஆண்டுக்கணக்கில் ஓட்டினாள். வேலையை நிரந்தரமாக்கித் தரும்படி கேட்ட அன்று, அப்படியொரு ஓட்டுநர் அங்கே இருந்ததற்கு ஆதாரமே இல்லையென்று சிரித்த முகத்தோடு சொன்னார்கள். அவர்கள் சொன்னது உண்மையும்கூட. அவள் கையில் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. "நீ நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி" என்று அந்த முதலாளி ஆயிரம் முறை சொல்லியிருந்தார். அந்தச் சொல்லை எந்த மன்றத்தின் மேசையிலும் எடுத்து வைக்க முடியவில்லை. அன்று வீடு திரும்பும் வழியிலேயே மூடியிட்ட ஒரு தகரப் பெட்டி வாங்கினாள். அதற்கான ரசீதுதான் அந்தப் பெட்டிக்குள் போன முதல் காகிதம்.

ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றவள். அதற்கப்புறம் படித்ததெல்லாம் தானாகப் படித்தது. வண்டிகளோடு வரும் கையேடுகளை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் பெயர்த்து எழுதியே அயல்மொழியை வாசிக்கப் பழகினாள். பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும், எந்த வரிசையில் இறுக்க வேண்டும் என்று எழுதியிருந்தால் எந்த மொழியாக இருந்தாலும் அவளிடமிருந்து தப்பாது.

அவள் கணவர் குழாய் வேலைக்காரர். ஒரு பெரிய வீட்டின் குளியலறைகளை அவர் மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தபோது, பின்புறத் தகரக் கொட்டகையில் ஒரு கூபே கார் சக்கரம் மண்ணில் புதையக் கிடந்ததைப் பார்த்துவிட்டு வந்து, வேடிக்கைச் செய்தியாக மனைவியிடம் சொன்னார். இரண்டே கதவு, தாழ்ந்த கூரை, நீண்ட மூக்கு. ஒயரையெல்லாம் எலி தின்றிருந்தது. வீட்டுக்காரர் நாட்டை விட்டே குடிபெயரும் அவசரத்தில் இருந்ததால் பழைய இரும்பு விலைக்கு அது கிடைத்தது. சொல்லியிருக்கவே கூடாதென்று கணவர் பின்னாளில் பலமுறை நொந்துகொண்டார்.

"வீட்டுல நாலு பேரு, வண்டிக்கு ரெண்டு கதவு. மீதி ரெண்டு பேரு டிக்கியிலயா வரணும்?" என்று கேட்டார்.

"மீதி ரெண்டு பேருக்குத்தான் உங்க பைப் வேன் இருக்கே" என்றாள்.

அதை ஓடவைக்க அவளுக்கு மூன்று ஆண்டுகள் பிடித்தன. ஓடத் தொடங்கிய பிறகுதான் வினை தொடங்கியது. நீர்த்தேக்கத்திலிருந்து இறங்கும் சாலையில் ஒருநாள், நான்காவது வளைவுக்கு முன் பிரேக் பெடல் பஞ்சுமூட்டையை மிதித்ததுபோல் உள்ளே போயிற்று. கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை மெல்ல இழுத்து, ஓரத்து மண்ணில் சக்கரத்தை ஏற்றி நிறுத்தினாள். நாள்தோறும் நாற்பது குழந்தைகளோடு அதே போன்ற இறக்கத்தில் இறங்குகிறவளுக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் காரைச் செய்தவர்கள் ஓடுவதற்குக் கொடுத்த மூளையை நிற்பதற்குக் கொடுக்கவில்லை என்று அவளுக்குப் பட்டது. வண்டி என்றால் நிற்கத் தெரிந்த பிறகுதான் ஓடவேண்டும் என்பது அவளுடைய கட்சி. கொட்டகையில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஓடுவதற்கு ஊரே யோசனை சொல்லும். நிற்பதற்கு யாரும் சொல்லமாட்டார்கள்.

ஆகவே, மூடப்பட்ட ஒரு பந்தயக் கார்ப் பட்டறையில் உறை பிரிக்காமல் கிடந்த பெரிய பிரேக் தொகுப்பு ஒன்றை வாங்கினாள். அதிலிருந்தவை: சாப்பாட்டுத் தட்டைவிட அகலமான, முகத்தில் சாய்கோடுகள் வெட்டிய இரண்டு டிஸ்க்குகள், அவற்றை இருபக்கமிருந்தும் கவ்வுவதற்கு ஒவ்வொன்றிலும் ஆறு பிஸ்டன்கள் கொண்ட இரண்டு சிவப்புக் காலிப்பர்கள், அந்தக் காலிப்பர்களைப் பழைய இடத்தில் தாங்கிப் பிடிக்கும் இணைப்புத் துண்டுகள், எஃகு நூல் பின்னிய பிரேக் ஆயில் குழாய்கள், காலிப்பருக்குள் இருந்து டிஸ்க்கை உரசிப் பிடிக்கும் பேடுகள். கணவர் ஒரு காலிப்பரைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"லிப்ஸ்டிக் போட்டிருக்கு. இது வண்டியை நிறுத்தவா, இல்ல ரோட்டுல போறவனை நிறுத்தவா?"

வேலை நடந்தது வீட்டின் பக்கவாட்டுச் சந்தில், அவருடைய பிளாஸ்டிக் குழாய்கள் சாத்திவைத்திருந்த இடத்தில். குறிப்புத் தாள் முழுவதையும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். முதலில் வேலையே தொடங்கவில்லை. தாளோடு வந்திருந்த அளவின்படி காலிப்பரின் உருவத்தை அட்டையில் வெட்டி, கழற்றிய சக்கரத்துக்குள் வைத்துச் சுழற்றிப் பார்த்தாள். சக்கரக் கம்பிக்கும் அட்டைக்கும் நடுவில் ஒரு விரல் நுழைந்தது, போதும். டிக்கியில் இருந்த மாற்றுச் சக்கரத்தில் நுழையவில்லை. முன்சக்கரம் பஞ்சரானால் பின்சக்கரத்தை முன்னால் மாட்டி, மாற்றுச் சக்கரத்தைப் பின்னால் மாட்ட வேண்டும் என்று எழுதி டிக்கி மூடியின் உட்புறம் ஒட்டினாள். பிறகே ஜாக்கி வைத்துத் தூக்கி, கீழே ஸ்டாண்டு கொடுத்து, பழையதைக் கழற்றினாள். துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுத்துப் புது டிஸ்க்கைப் பதித்தாள். இணைப்புத் துண்டுகளின் போல்ட்டுகளை அளவு காட்டும் ஸ்பேனரால், அது "டக்" என்று சொல்லும்வரை இறுக்கி, இறுக்கியதற்கு அடையாளமாக ஒவ்வொன்றின் தலையிலும் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போட்டாள்.

இத்தனை பத்தியமாகச் செய்தவள் ஒரு தவறு செய்தாள். பேருந்துக் கொட்டகையில் வேலை பார்த்தவர் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. அங்கே காலையில் ஒருவர் வண்டிக்கு எதிரில் நின்று விளக்கு, டயர், கண்ணாடி என்று சரிபார்த்து உரக்கச் சொல்வார். அவர் எதிரில் நிற்பதால் அவருடைய இடதுதான் அங்கே எல்லோருக்கும் இடது. பதினோரு ஆண்டுகளில் அது அவளுக்கு எலும்பில் ஊறிவிட்டது. தொகுப்பைச் செய்தவர்களுக்கோ இடது என்பது இருக்கையில் அமர்ந்திருப்பவரின் இடது. ஆகவே டிஸ்க்கும் காலிப்பரும் பக்கம் மாறி உட்கார்ந்தன. கோளாறு என்னவென்றால் அவை அப்படியும் அழகாகப் பொருந்தின.

பிரேக் குழாயிலிருந்து காற்றை வெளியே எடுக்கும் கட்டம் வந்தது. கணவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க, அவள் காலிப்பரின் சிறு திருகைத் திறந்து மூடினாள். மிதிங்க, பிடிங்க, விடுங்க. ஆயில் வந்தது, குமிழியும் வந்தது. பெடல் மட்டும் இறுகவே இல்லை. ஒரு புட்டி ஆயில் தீர்ந்து, அடுத்ததும் பாதியானது. கணவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. நொண்டியபடி இறங்கி வந்தவர் சக்கரத்துக்கு முன்னால் குந்திப் பார்த்தார்.

"இந்தத் திருகு ஏன் கீழ இருக்கு?"

"அது அங்கதான் இருக்கும்."

"மாடித் தொட்டியில தண்ணி இருந்தும் குழாயில வரலைன்னா நான் என்ன பண்ணுவேன்? பைப்பு எங்க உசரமா வளையுதோ அங்கதான் திறந்துவிடுவேன். காத்து எப்பவும் மேல போய்த்தான் உக்காரும். நீ பாதாளத்துல கதவைத் திறந்து வச்சுக்கிட்டு வா வான்னா அது எப்படி வரும்?"

அவள் எழுந்து சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தாள். காரின் இருக்கையில் போய் உட்கார்ந்து இரு கைகளையும் விரித்துப் பார்த்தாள். இறங்கி வந்து ஸ்பேனரை எடுத்தாள். இரண்டு பக்கமும் கழற்றி மாற்றிப் பூட்டினாள். திருகுகள் மேலே வந்தன. இந்த முறை பெடல் கல்லைப்போல் நின்றது. கணவர் கையை நீட்டி, "இதுக்கு எனக்கு ஒரு ரசீது குடு" என்றார். கேலியாகத்தான் கேட்டார். அவளோ உள்ளே போய், இன்ன நாள், இன்ன தவறு, கண்டுபிடித்தவர் இன்னார் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அதைத் தம் கருவிப் பெட்டியின் மூடியில் ஒட்டிவைத்துக்கொண்டு, வேலைக்குப் போகும் வீடுகளிலெல்லாம் காட்டினார்.

இனிப் பள்ளி சாட்டும் குற்றத்துக்கு வருவோம். புதுப் பேடும் புது டிஸ்க்கும் மாட்டிய கையோடு பிடித்துவிடாது. ஒன்றுக்கொன்று பழகவேண்டும். அதற்கு ஆள் நடமாட்டமில்லாத நேர்ச்சாலையில் வேகமெடுத்து, பெடலை அழுத்தி, நடக்கும் வேகத்துக்குக் குறைத்து, மறுபடி வேகமெடுக்க வேண்டும். இப்படிப் பலமுறை, நாற்றம் வந்து புகையும் வரும்வரை. பிறகு பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிட வேண்டும். இதில் மீறக்கூடாத ஒரே விதி, சூடு ஏறிய பிறகு முழுதாக நிறுத்தக்கூடாது என்பது. நிறுத்தினால் பேடின் அச்சு டிஸ்க்கில் ஒட்டிப் பதிந்துவிடும். அதற்கப்புறம் ஒவ்வொரு முறை பிரேக் போடும்போதும் ஸ்டீயரிங் கையில் உதறும்.

எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை, நீர்த்தேக்கக் கரைக்குப் பின்னால் புல் முளைத்துக் கிடந்த பழைய சாலையில் அவள் இதைச் செய்தாள். கணவர் பக்கத்து இருக்கையில் இருந்தார். எந்தச் சக்கரம் முதலில் புகைகிறது என்று பார்ப்பதற்காக ஜன்னல் வழியே இடுப்புவரை வெளியே சாய்ந்திருந்தார். அப்போதுதான் வெள்ளைக் காலணி அணிந்த ஒருவர் காலை நடைக்கு அந்தச் சாலையில் வந்துசேர்ந்தார். அவருடைய மகன் மூன்றாம் எண் பேருந்தில் வருகிறவன். அவர் ஓட்டுநரை அடையாளம் கண்டுகொண்டார். கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். வண்டி அவரருகே வந்து நன்றாக வேகம் குறைந்தது. ஓட்டுநர் அவர் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, சீறிக்கொண்டு போய்விட்டார். சாலைக்கோடியில் திரும்பி மறுபடி வந்தார். நடைக்கு வந்தவர் மறுபடி கையைக் காட்டினார். மறுபடியும் அதே. வெளியே தொங்கிக்கொண்டிருந்தவர் மட்டும், "நிறுத்த முடியாதுங்க" என்று ஒவ்வொரு முறையும் கும்பிட்டுக்கொண்டே கத்தினார்.

புகாரில் இது எந்த உருவம் எடுத்தது என்பதை அவள் புதன்கிழமை விசாரணையில்தான் தெரிந்துகொண்டாள். தலைமையாசிரியை வாசித்தார்: ஓட்டுநர் மின்னல் வேகத்தில் வந்து, நிறுத்துவதுபோல் நடித்து, தம்மை எள்ளி நகையாடிவிட்டுச் சென்றார்; பலமுறை இவ்வாறு செய்தார்; வண்டியிலிருந்து புகை வந்தது; குடிபோதையில் இருந்த ஓர் ஆண் ஜன்னலில் தொங்கியபடி, நிறுத்த முடியாது என்று திமிராகக் கூச்சலிட்டார்; இப்படிப்பட்டவரை நம்பிக் குழந்தைகளை எப்படி அனுப்புவது?

அவள் தகரப் பெட்டியோடு போயிருந்தாள். குறிப்புத் தாள், அதன் தமிழாக்கம், தொகுப்பின் பில், ஒவ்வொரு கட்டத்திலும் எடுத்த புகைப்படம் என்று வரிசையாக மேசையில் அடுக்கினாள். யாரும் தொடவில்லை. தேநீர் வந்தபோது மேலாளர் அவற்றை ஒருபக்கமாக ஒதுக்கிக் கோப்பையை வைத்தார்.

"ஒரே ஒரு கேள்விம்மா" என்றார் மேலாளர். "வேணும்னேதான் அப்படி ஓட்டுனீங்களா?"

"ஆமா சார், வேணும்னேதான். தெரியாம ஓட்டியிருந்தாதான் தப்பு."

தலைமையாசிரியை நிமிர்ந்தார். "புகை வந்தது உண்மையா?"

"உண்மை மேடம். வரணும். வரலைன்னா திரும்பவும் முதல்ல இருந்து பண்ணணும்."

பேடையும் டிஸ்க்கையும் பழக்குவது பற்றி அவள் தொடக்கத்திலிருந்து விளக்கினாள். விளக்க விளக்க நிலைமை மோசமாயிற்று. சொன்ன ஒவ்வொன்றும் ஒப்புதல் வாக்குமூலமாகவே அவர்கள் காதில் விழுந்தது. வேகமாகப் போனதை ஒப்புக்கொள்கிறார், அவரைப் பார்த்ததை ஒப்புக்கொள்கிறார், நிறுத்தாததை ஒப்புக்கொள்கிறார் என்று மேலாளர் விரல் மடக்கினார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பார்களே, அதை அவள் ஆதாரத்தோடு செய்துகொண்டிருந்தாள். அது அவளுக்கும் புரிந்தது. ஆனாலும் உள்ளதை இல்லையென்று சொல்ல அவளால் ஆகவில்லை.

கடைசியில் ஒரு தாளை நீட்டினார்கள். பொறுப்பில்லாமல் வண்டி ஓட்டியதற்கு வருந்துகிறேன், இனி இவ்வாறு நடக்காது என்று தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. கையெழுத்துப் போட்டால் மறுநாளே பேருந்தை எடுக்கலாம் என்றார்கள்.

அவள் நிதானமாக இரண்டு முறை படித்தாள். "அந்த ரோட்டுல ஆள் வந்ததும் தூரமா போய், ஓட்டிக்கிட்டே ஆறவிட்டுட்டு, திரும்பி வந்து, இறங்கி அவர்கிட்ட விவரம் சொல்லியிருக்கணும். நான் சொல்லலை. அதுக்கு அவர்கிட்ட நேர்ல மன்னிப்புக் கேக்கிறேன். அதுக்கு மட்டும்தான். பொறுப்பில்லாம ஓட்டினேன்னு எழுதியிருக்கீங்களே, அதுல என் கை படாது."

"அப்ப வீட்டுல இருங்க" என்றார் மேலாளர்.

"எழுதிக் குடுங்க சார், இருக்கேன்."

எழுதிக் கொடுக்கவில்லை. எழுதிக் கொடுத்தால் காரணம் காட்டவேண்டும், விதி காட்டவேண்டும் என்பது மேலாளருக்குத் தெரியும். ஆகவே அவளும் வீட்டில் இருக்கவில்லை. வரவேண்டாம் என்று எழுத்தில் சொல்லாதவரை தான் பணியில் இருப்பவள் என்பது அவள் கணக்கு. தினமும் காலையில் சீருடையை இஸ்திரி போட்டு அணிந்து, கொட்டகைக்கு வந்து, வருகைப் பதிவில் கையெழுத்திட்டு, மேலாளர் அறையின் ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்த மரப்பெஞ்சில் உட்கார்ந்தாள். சண்டை போடவில்லை, யாரையும் ஏசவில்லை. மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு, எல்லா வண்டியும் திரும்பும்வரை பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தாள். மேலாளர் இரண்டாம் நாள் ஜன்னலைச் சாத்தினார். ஜூன் மாதப் புழுக்கத்தில் நான்காம் நாள் மறுபடி திறந்தார்.

வீட்டில் கணவர் முதலில் சமாதானக் கட்சியாக இருந்தார். இரண்டு பெண்களும் கல்லூரியில் படிக்கிறார்கள், ஒரு கையெழுத்தில் என்ன குறைந்துவிடும், ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார். அவள் புகாரின் வாசகத்தை நினைவிலிருந்து அப்படியே ஒப்பித்தாள். குடிபோதையில் இருந்த ஓர் ஆண் என்ற இடம் வந்ததும் அவர் சோற்றுக் கையை உதறிவிட்டு எழுந்தார்.

"என்னையா? இருமல் மருந்துகூட மூடியில அளந்து குடிக்கிறவன் நான். கும்பிட்டுக் கும்பிட்டுச் சொன்னேனே அந்த மனுஷன்கிட்ட." அறைக்குள் இரண்டு நடை நடந்தார். "கையெழுத்துப் போடாதே. அவங்க என்ன பண்ணிடுவாங்கன்னு பாத்துடுவோம்."

அதற்கப்புறம் அவர் சமாதானம் பேசவில்லை.

மேலாளருடைய மைத்துனன் பேருந்தை எப்படி ஓட்டினான் என்பதை அவள் பார்க்கத் தேவையிருக்கவில்லை, முகர்ந்தே தெரிந்துகொண்டாள். மலைச்சாலையிலிருந்து வண்டி திரும்பி வந்து நின்றதும் ஒரு நாற்றம் பெஞ்சுவரை வந்தது. இறக்கம் முழுவதும் பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் வந்தால், சக்கரத்தை உரசிப் பிடிக்கும் லைனிங் கருகும் நாற்றம். மூக்கைப் பொத்திக்கொண்டு குழந்தைகள் இறங்கினார்கள். அவள் எழுந்துபோய், தனக்கு உரிமையில்லாத இடத்தில் பேசுகிறோம் என்று தெரிந்தே பேசினாள்.

"தம்பி, இறங்கும்போது சின்ன கியர்ல விட்டுடுங்க. இன்ஜினே வண்டியைப் பிடிச்சுக்கும். பிரேக்கை அப்பப்ப அழுத்திட்டு விடுங்க. காலை அதுமேலயே வச்சுக்கிட்டு வராதீங்க."

"நீங்க உங்க ரேஸ் காரைப் பாருங்கக்கா" என்றான் அவன்.

அன்றே அவள் மேலாளருக்கு எழுதினாள்: மூன்றாம் எண் பேருந்தின் பிரேக்கைக் கழற்றிப் பார்க்காமல் இனி அதில் குழந்தைகளை ஏற்றக்கூடாது. கொடுத்ததற்கு அத்தாட்சியாக நகலில் எழுத்தரிடம் கையெழுத்து வாங்கினாள். பதில் இல்லை. மறுநாள் இன்னொன்று எழுதினாள். அதற்கும் இல்லை. சாவி போனதைவிட இந்த மௌனம் அவளை அதிகமாகச் சுட்டது. சாவி அவளுடைய சோறு. இதுவோ நாற்பது பேரின் உயிர். தன் வேலைக்காக உட்கார்ந்திருந்தவள், அந்த நாளிலிருந்து அந்த இறக்கத்துக்காகவும் உட்கார்ந்திருந்தாள்.

எழுத்தால் ஆகாததை மூக்கு செய்தது. வீட்டுக்குப் போன குழந்தைகளின் சட்டையில் கருகல் நாற்றம் வீசியது. பெற்றோர் சிலர் ஒருவரையொருவர் தொலைபேசியில் அழைத்துக்கொண்டு, மறுவாரம் வெள்ளிக்கிழமை கூட்டமாகப் பள்ளிக்கு வந்தார்கள். அவர்களில் அந்த வெள்ளைக் காலணிக்காரர் இருந்தாரா என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அவள் முயலவில்லை. பேருந்து பட்டறைக்குப் போயிற்று. லைனிங் அடிவரை எரிந்திருந்தது. ஒரு சக்கரத்தில், லைனிங் உரசும் இரும்பு டிரம் விரிசல் விட்டிருந்தது. அதைக் கண்ணால் பார்த்த மைத்துனனுக்கு முகம் வெளிறிவிட்டது. இனி மலைத்தடத்துக்கு வரமாட்டேன் என்று கழன்றுகொண்டான். வேறு எந்த ஓட்டுநரும் அந்தத் தடத்துக்கு ஒப்பவில்லை.

அடுத்த திங்கட்கிழமை காலை, புது லைனிங்கோடு மூன்றாம் எண் பேருந்து கொட்டகையில் நின்றது. மேலாளர் அவளை உள்ளே அழைத்தார், உட்காரச் சொன்னார், தேநீர் வரவழைத்தார். பிறகு சாவியை மேசைமேல் வைத்து அவள் பக்கமாகத் தள்ளினார்.

"எடுத்துக்கிட்டுப் போங்கம்மா. நடந்தது நடந்துபோச்சு. புகாரை நான் பாத்துக்கிறேன். நீங்க எங்களுக்குக் குடும்பத்துல ஒருத்தர் மாதிரி."

அவள் சாவியைப் பார்த்தாள். அதைத் தொட எவ்வளவு ஆசை என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். வெளியே முதல் நடைக்கு இன்னும் நேரம் இருந்தது. மலைமேல் குழந்தைகள் இன்னும் படுக்கையிலிருந்துகூட எழுந்திருக்கமாட்டார்கள்.

"பாத்துக்கிறேன்னா என்ன சார்? அது பொய்ன்னு ஆயிடுச்சா, இல்ல மூடி வச்சிருக்கீங்களா? நாளைக்கு நான் ஒரு கேள்வி கேட்டா அந்த மூடியைத் திறப்பீங்களா?"

"எல்லாத்தையும் எழுதிக்கிட்டே இருந்தா வேலை நடக்குமா?"

"எழுதாததுனாலதான் சார் டிரம் விரிசல் விட்டுது. நான் எழுதினேன், நீங்க எழுதலை."

மேலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வண்டி கிளம்பவேண்டுமே என்றார். கிளம்பும், நான்தான் ஓட்டப்போகிறேன் என்றாள் அவள். ஒரு பக்கம் எழுத அவ்வளவு நேரம் ஆகாது, எழுத்தரும் வந்துவிட்டார், முத்திரையும் அலமாரியில்தான் இருக்கிறது. இதைச் சொல்லிவிட்டுப் பெட்டியைத் திறந்து, முந்தின நாள் உட்கார்ந்து எழுதிய மனுவை எடுத்து, சாவிக்குப் பக்கத்தில் வைத்தாள். தன் பேனாவையும் மூடி கழற்றி அதன்மேல் வைத்தாள். பிறகு நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டாள். மனுவின் கடைசிப் பத்தி இது:

"ஆகவே, எட்டாம் தேதி நான் செய்தது பிரேக்கைப் பழக்கும் முறையான வேலை என்பதையும், என்மீதான புகார் தள்ளுபடி செய்யப்பட்டது என்பதையும், ஒன்பதாம் தேதி காரணம் எழுதாமல் என்னிடமிருந்து சாவி வாங்கப்பட்டது முறைகேடு என்பதையும், என் கணவரைக் குடிகாரர் என்று குறித்த வாசகம் பள்ளியின் பதிவிலிருந்து நீக்கப்பட்டது என்பதையும், மூன்றாம் எண் பேருந்தின் பிரேக் குறித்து நான் கொடுத்த இரண்டு கடிதங்களுக்கும் ஏன் பதில் அளிக்கப்படவில்லை என்பதையும் பள்ளி எனக்குத் தெரிவிக்க வேண்டும். வாய்மொழியாகச் சொல்லப்படும் எதையும் நான் பதிலாகக் கொள்ளமாட்டேன். நாளும் கையொப்பமும் முத்திரையும் இட்ட எழுத்து மூலமான பதிலை, இன்று காலை முதல் நடை புறப்படுவதற்கு முன் என் கையில் தரவேண்டும் என்று கோருகிறேன்."